மெமரி கார்டும் லயத்துத் தீயும்

த்ரீ டி பிரிண்டர் வைத்திருப்பவர்கள் திருத்துகிறவரிடம் அடிக்கடி கேட்பது, "இதுக்குப் புது சொஃப்ட்வெயார் அடிக்க ஏலுமா?" என்பதைத்தான். ஏலும். பெரும்பாலான பிரிண்டர்களுக்கு ஒரு மெமரி கார்டும் ஒரு சின்னக் கோப்பும் போதும். மெஷினுக்குள் இருக்கும் போர்ட் தன் பங்கை ஒரு நிமிடத்துக்குள் முடித்துவிடும். ஆனால் எதற்காக அடிக்க வேண்டும் என்பதை யாரும் கேட்பதில்லை. போனில் புது வெர்ஷன் வந்ததும் அழுத்திவிட்டுப் போகிற பழக்கம் இந்த மெஷினுக்கும் வந்துவிட்டது. கட்டுப்பாட்டுப் போர்டில் ஓடும் நிரலான ஃபேர்ம்வெயாரை மாற்றுவது ஒரு ரிப்பேர் என்பது என் கட்சி. காரணம் இல்லாமல் அதைச் செய்யக்கூடாது; காரணம் இருந்தால் தள்ளிப்போடவும் கூடாது. ஹட்டன் பாதை இரண்டாகப் பிரிந்து மஸ்கெலியாவுக்கும் பொகவந்தலாவைக்கும் போகிற இந்த நோர்வூட் பக்கத்தில் அப்படி ஒரு காரணம் மற்ற ஊர்களைவிடப் பெரிதாகவே இருக்கிறது. இங்கே பல மெஷின்கள் இயங்கப்போவது தோட்டத் தொழிலாளர்களின் லயத்து அறைகளில்.

காரணத்தைப் புரிந்துகொள்ள மெஷினின் சூட்டுத் தலைக்குள் பார்க்க வேண்டும். பிளாஸ்டிக் இழையை உருக்கும் சின்ன அலுமினியக் கட்டியில் இரண்டு துளைகள் இருக்கும். ஒன்றில் ஹீட்டர், எண்டர் 3 வகையில் அது 24 வோல்ட்டில் 40 வாட். மற்றதில் தேர்மிஸ்டர் என்கிற வெப்ப உணரி. 25 பாகை செல்சியஸில் அதன் மின்தடை ஒரு இலட்சம் ஓம். சூடு ஏற ஏறத் தடை குறையும். போர்டுக்குக் கண்ணும் கையும் கிடையாது. இந்தத் தடையை அளந்துதான் சூட்டை அறிகிறது. தலை ஓயாமல் இடமும் வலமும் ஓடுவதால் அந்த மெல்லிய வயர் ஒரு நாள் அறும், அல்லது திருகு தளர்ந்து உணரி துளையிலிருந்து நழுவும். வயர் அறுந்தால் தடை எல்லையில்லாமல் போகும். போர்டின் கணக்கில் அது கடும் குளிர். நழுவினால் அறைக் காற்றின் சூட்டை அளந்து, 'இன்னும் சூடேறவில்லை' என்று சொல்லிக்கொண்டிருக்கும். இரண்டிலும் போர்ட் செய்வது ஒன்றே: ஹீட்டருக்கு இன்னும் கரண்ட் கொடுக்கும். தடுக்க ஒன்றுமில்லை என்றால் கட்டி 300 பாகையையும் தாண்டும். உள்ளே செல்லும் வெள்ளை டெஃப்லோன் குழாய் 240 பாகைக்கு மேலேயே கெடத் தொடங்கி நச்சுப் புகை விடும்.

முதல் வகைப் பிழையை, அதாவது அறுந்த வயரை, பழைய ஃபேர்ம்வெயாரும் கண்டுபிடிக்கும். மார்லின் என்ற திறந்த மூல ஃபேர்ம்வெயாரில் உணரி 5 பாகைக்குக் கீழே காட்டினால் மெஷின் நின்றுவிடும். மேலே எல்லை வழக்கமாக 275. நழுவிய உணரிதான் சிக்கல். அது காட்டும் 22 பாகை பொய்யாகத் தெரியாது. அதைப் பிடிக்க ஃபேர்ம்வெயார் நேரத்தையும் சூட்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்: முழுக் கரண்ட் கொடுத்தும் இத்தனை வினாடிக்குள் இத்தனை பாகை ஏறவில்லையே, ஏறிய சூடு காரணமில்லாமல் இறங்கி அங்கேயே நிற்கிறதே என்று. மார்லினில் இந்தக் காவல் பல ஆண்டுகளாக உண்டு. ஆனால் அதைச் சேர்ப்பதும் விடுவதும் மெஷினைச் செய்கிற கம்பெனியின் கையில். 2018இல் வந்து உலகம் முழுக்கப் பரவிய க்ரியாலிட்டி எண்டர் 3இன் ஆரம்ப மெஷின்கள் பல இந்தக் காவல் அணைக்கப்பட்டே பெட்டியிலிருந்து வந்தன. அதற்கு முன் மலிவாக விற்ற ஏனெட் ஏ8 தீப்பிடிப்புக்கே பேர் வாங்கிய மெஷின். பிறகு வந்த ஃபேர்ம்வெயார்களில் குறை நீக்கப்பட்டது. ஆனால் முன்னமே விற்றுப்போன மெஷின்கள் தாமாக மாறப்போவதில்லை. அவைதான் இன்றைக்குப் பாவித்த மெஷின் என்ற பேரில் மலிவாகக் கிடைக்கின்றன. மலைக்கு ஏறி வருவதும் மலிவானவைதான்.

இப்போது லயத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறைகள் வரிசையாக, பொதுவான கூரை, அறைக்கு அறை இடையே ஒரு சுவர், அதற்கு மேலே பல இடங்களில் திறந்த வெளி, தகரத்துக்குக் கீழே பழைய மரம். ஓர் அறையில் பிடித்த தீ ஓர் அறையோடு நிற்பதில்லை என்பது தோட்டத்தில் பிறந்தவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வரிசை முழுவதும் போகும். அத்தனை குடும்பங்களும் பாடசாலையிலோ கோயில் மண்டபத்திலோ போய்ப் படுக்கும். த்ரீ டி பிரிண்டர் ஒரு பொருளை முடிக்க எட்டு மணி நேரமும் எடுக்கும், பதினாறு மணி நேரமும் எடுக்கும். அதனால் இரவில் ஓடவிட்டுத் தூங்குவதுதான் எல்லோரும் செய்வது. இந்த இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தால், சூட்டுக் காவல் இல்லாத ஃபேர்ம்வெயாரோடு ஒரு மெஷினை லயத்தில் இரவில் ஓடவிடுவதை நியாயப்படுத்த எனக்கு ஒரு வழியும் தெரியவில்லை. நகரத்தில் கொங்கிரீட் கூரைக்குக் கீழே அது ஒருவர் தன் தலையில் ஏற்றிக்கொள்ளும் ஆபத்து. இங்கே பக்கத்து அறைக்காரர் தலையிலும் ஏற்றுகிறோம்.

"ஓடுகிற மெஷினைத் தொடாதே" என்று சொல்கிறவர்கள் உண்டு. அனுபவப்பட்டவர்களின் சொல் அது. ரேடியோ காலத்திலிருந்து பாஸ்மார் சொல்லி வருவதுதான், பெரும்பாலும் சரியும்கூட. திரைக்கு அழகான படம் வேண்டும், யாரோ புது வெர்ஷன் போட்டார்கள் என்பதற்காகக் கேட்டால் நானும் அதையே சொல்வேன். ஆனால் இந்த மெஷின் நன்றாக ஓடுகிறது என்பதற்கும் இதில் காவல் இருக்கிறது என்பதற்கும் சம்பந்தமில்லை. காவல் தேவைப்படும் நாள் வரை காவல் இல்லாத மெஷினும் அழகாகவே அச்சடிக்கும். எனவே ஊகிக்காமல் சோதிக்க வேண்டும். அதற்குக் கணினிகூட வேண்டாம். மெஷின் ஆறியிருக்கும்போது பிளக்கைக் கழற்றிவிட்டு, போர்டில் ஹீட்டர் வயரை மட்டும் விடுவித்து நுனிகளை ஒட்டி மூடுங்கள். உணரியின் வயரைத் தொடாதீர்கள். பிறகு கரண்ட் கொடுத்துத் திரையில் 200 பாகை கேளுங்கள். காவல் இருந்தால் ஓரிரண்டு நிமிடத்துக்குள் சூடேறவில்லை என்ற எச்சரிக்கையோடு மெஷின் நின்றுவிடும். பத்து நிமிடமாகியும் பேசாமல் காத்துக்கொண்டிருந்தால் ஃபேர்ம்வெயாரை மாற்றுவதற்கான காரணம் கைக்கு வந்துவிட்டது. பொருள் உட்காரும் கீழ்த்தட்டின் ஹீட்டருக்கும் இதே சோதனையைத் தனியாகச் செய்ய வேண்டும். தலைக்குக் காவல் வைத்துத் தட்டை விட்டுவிட்ட ஃபேர்ம்வெயார்களும் உண்டு.

காரணம் உறுதியான பிறகு கார்டைத் தேடக்கூடாது. போர்டைப் படிக்க வேண்டும். இந்த வேலையில் வரும் பிழைகளில் பெரும் பங்கு இங்கேதான். பெட்டியின் மேல் எண்டர் 3 என்று எழுதியிருந்தால் உள்ளே என்ன போர்ட் என்று சொல்ல முடியாது. 2018இன் மெஷினில் மெல்சி வகை 8 பிட் போர்ட்; அதன் சிப் ஏடிமெகா 1284பி, நினைவகம் 128 கிலோபைட். பின்னால் வந்தவற்றில் 4.2.2 அல்லது 4.2.7 என்று எண் அச்சிட்ட 32 பிட் போர்டுகள். பாவித்த மெஷினில் முன்னைய சொந்தக்காரர் பிக்ட்ரீடெக் கம்பெனியின் எஸ்கேஆர் மினி போர்டை மாட்டியிருக்கவும் கூடும். 4.2.2 என்று பார்த்துவிட்டாலும் வேலை முடியவில்லை. கார்ட் நுழையும் உலோகக் கூட்டின் மேல் மார்க்கரால் ஓர் ஆங்கில எழுத்து கிறுக்கியிருக்கும்: சி என்றால் எச்ஆர் 4998, ஈ என்றால் ஏ 4988, ஏ என்றால் டிஎம்சி 2208, பி என்றால் டிஎம்சி 2209 என்று மோட்டாரை ஓட்டும் டிரைவரைச் சொல்லும் எழுத்து. டிரைவர் மாறிய ஃபேர்ம்வெயாரைப் போட்டால் மோட்டார் தலைகீழாகச் சுற்றக்கூடும். அப்போது ஆரம்ப இடத்துக்குத் திரும்பச் சொன்ன தலை எதிர்ப் பக்கம் போய் முட்டிக்கொண்டு நிற்கும். சிப்பையும் பார்க்க வேண்டும். எஸ்டிஎம்32எஃப்103 வரிசையில் ஆர்இடி6 என்று முடிந்தால் 512 கிலோபைட். ஆர்சிடி6 என்றால் 256. 2021இன் சிப் தட்டுப்பாட்டில் அதே எண் அச்சிட்ட போர்டுகளிலேயே ஜிடி32 என்ற வேறு சிப் வந்தது. டோர்ச்சும் பூதக்கண்ணாடியும் வைத்து ஐந்து நிமிடம் பார்த்து, போனில் ஒரு படமும் எடுத்துக்கொண்டால் மிச்சமெல்லாம் நேராகப் போகும்.

கார்ட் வழி ஏன் நல்ல வழி என்பதற்கு அந்த மெல்சி போர்டே சாட்சி. அதன் நினைவகம் சின்னது என்பதால் பூட்லோடர் என்ற தொடக்க நிரலை விட்டுவிட்டே விற்றார்கள். கார்டிலிருந்தோ யூஎஸ்பி வயரிலிருந்தோ புது ஃபேர்ம்வெயாரை அது எடுத்துக்கொள்ளாது. ஆறு ஊசித் தொடுப்பில் ஆடுயினோ ஊனோ என்ற சின்னப் போர்டை மாட்டி, முதலில் பூட்லோடரை எழுதி, பிறகுதான் மற்றது. செய்ய முடியாத வேலை இல்லை. ஆனால் தோட்டத்துப் பிள்ளையிடம் செய்துகொள் என்று சொல்லிவிடக்கூடிய வேலையும் இல்லை. 32 பிட் போர்டுகள் வந்தபோது இது மாறியது. அவற்றில் நினைவகத்தின் முதல் 28 கிலோபைட் பூட்லோடருக்கு ஒதுக்கப்பட்டது. கரண்ட் வந்ததும் முதலில் எழுவது அதுதான். கார்டில் தனக்கான கோப்பு இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால் 28 கிலோபைட்டுக்கு அப்பால் உள்ளதை அழித்துப் புதியதை எழுதும். இல்லையென்றால் பழையதையே ஓட்டும். தன் இருப்பிடத்தை அது ஒருபோதும் அழிப்பதில்லை. இந்த ஒரு ஏற்பாடுதான் நம் ஊருக்குப் பெரிய காரியம்.

ஏனென்றால் அடுத்த ஆட்சேபம் கரண்ட் பற்றியது. "அடிச்சிக்கிட்டு இருக்கும்போது கரண்ட் போனா மெஷின் செத்துப் போகுமே?" என்று பயப்படுகிறார்கள். பயத்துக்கு நியாயம் உண்டு. கெசல்கமுவ ஓயாவின் தண்ணீர் நோர்வூட்டைத் தாண்டி காசல்ரீ நீர்த்தேக்கத்தில் சேர்ந்து, அங்கிருந்து விமலசுரேந்திர மின்நிலையத்துக்குப் போகிறது. 1965இலிருந்து அது நாட்டுக்கு மின்சாரம் தருகிறது. ஆனாலும் அந்த நீர்த்தேக்கத்தைப் பார்த்துக்கொண்டு வாழ்கிறவர்கள் ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் இடி இடித்தால் பிளக்கைக் கழற்ற ஓடுகிறவர்கள். 2022 மார்ச் கடைசியில் நாடு முழுவதும் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்ததும் மறக்கவில்லை. ஆனால் கார்ட் வழியில் எழுதும்போது கரண்ட் போனால் பாதி எழுதிய ஃபேர்ம்வெயார்தான் வீணாகும். பூட்லோடர் அப்படியே இருக்கும். கோப்பின் பேரை மாற்றிக் கார்டை மறுபடி மாட்டினால் முதலிலிருந்து எழுதும். எழுதுவதும் பத்து, இருபது வினாடிக்குள் முடிகிற வேலை. திரை வெறுமையாக இருக்கும் அந்த வினாடிகளில் பொறுமையில்லாமல் சுவிட்சை அணைப்பவர்களால் வரும் குழப்பம்தான் மின்சார சபையால் வருவதைவிட அதிகம். மழையும் இடியும் இல்லாத காலை நேரத்தில் செய்தால் அந்தச் சின்ன ஆபத்தும் போய்விடும்.

கார்டில் வரும் தகராறுகள் அற்பமானவை. ஆனால் மெஷின் கெட்டுவிட்டது என்று ஆட்களை நம்பவைத்து, கொழும்புக்கு அனுப்பவும் வைத்துவிடுகின்றன. பூட்லோடர் மிகச் சின்ன நிரல். அதற்கு எஃப்ஏடி32 முறையில் அமைத்த கார்டைத்தான் வாசிக்கத் தெரியும். 64 ஜிபி கார்டுகள் கடையிலிருந்து எக்ஸ்ஃபேட் முறையில் வருகின்றன. போட்டால் அது கண்டுகொள்ளாது. பெட்டியோடு வந்த 8 ஜிபி கார்ட், அல்லது அதைவிடச் சின்ன பழைய போன் கார்ட், 4096 பைட் அளவில் பிரித்து அமைத்தது நல்லது. கோப்பு எந்த ஃபோல்டருக்குள்ளும் இல்லாமல் வெளியே இருக்க வேண்டும். எண்டர் 3 எஸ்1 போன்ற சில மெஷின்கள் மட்டும் தமக்கென்று பேரிட்ட ஒரு ஃபோல்டரைக் கேட்கும். பேரிலும் போர்டுக்குப் போர்ட் வித்தியாசம். பிக்ட்ரீடெக் போர்ட் ஃபேர்ம்வெயார் டாட் பின் என்ற ஒரே பேரைத்தான் ஏற்கும். எழுதி முடித்ததும் வாலை டாட் கர் என்று மாற்றிவிடும், அதுவே வேலை நடந்ததற்குச் சான்று. க்ரியாலிட்டியின் 4.2 வரிசை எந்தப் பேரையும் ஏற்கும், ஆனால் கடைசியாகப் போட்ட பேரை நினைவில் வைத்திருந்து அதே பேரில் மறுபடி வந்தால் திரும்பிப் பார்க்காது. தேதியைப் பேராக வைத்தால் இந்தத் தொல்லை இல்லை. விண்டோஸ் வாலை மறைத்துக் காட்டுவதால் டாட் பின் டாட் பின் என்று இரட்டை வால் முளைப்பதும் உண்டு. இன்னொன்று: யூஎஸ்பி வயர் கணினியில் மாட்டியிருந்தால் மெயின் சுவிட்சை அணைத்தாலும் போர்டுக்கு 5 வோல்ட் போய்க்கொண்டே இருக்கும், பூட்லோடர் எழவே எழாது. வயரைக் கழற்றி, அணைத்து, கொஞ்சம் பொறுத்து, கார்டை மாட்டி, பிறகு கரண்ட்.

"கணினியும் நெட்டும் இல்லாத இடத்தில் இதெல்லாம் எப்படி?" என்று கேட்கலாம். கோப்பின் அளவு 512 கிலோபைட்டைத் தாண்டவே முடியாது, சிப்பே அவ்வளவுதான். போனில் எடுக்கும் ஒரு போட்டோவைவிடச் சிறியது. வட்ஸ்அப்பில் டொகியுமென்டாக அனுப்பலாம், வாங்கலாம். போனிலேயே கார்டைச் செருகிப் பிரதி செய்யலாம். வந்த கோப்பின் பேர் வழியில் மாறவில்லை, அளவு அனுப்பியவர் சொன்ன அளவுதான் என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். 256 கிலோபைட் சிப் என்றால் பூட்லோடர் போக மிச்சம் 228; கோப்பு அதற்கு மேல் இருந்தால் அது வேறு போர்டுக்கானது. அளவைப் பார்ப்பதே ஒரு பரிசோதனை.

ஆளிடம் கொடுத்துவிடலாமே என்பது இன்னொரு ஆட்சேபம். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவிலும் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவிலும் கெட்டிக்காரர்கள் இருக்கிறார்கள்; கினிகத்தேனை, கித்துல்கல வழியே இறங்கிப் போய்க் கொடுத்துவிட்டு வரலாம். போர்ட் எரிந்தால் அதுதான் வழி. ஃபேர்ம்வெயாருக்கு அது சரிவராது. செலவைவிட இடம்தான் பிரச்சினை. புது ஃபேர்ம்வெயார் போட்டதும் மெஷின் தன் அளவுகளை மறந்துவிடும், அல்லது பழைய அளவுகளைப் புதிய வரிசையில் தப்பாக வாசிக்கும். ஆகவே மாற்றுவதற்கு முன் திரையில் உள்ள எண்களை ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டும்: எண்டர் 3இல் ஒரு மில்லிமீட்டருக்கு எக்ஸ் 80, வை 80, இஸட் 400, இழைக்கு 93 என்பவை கம்பெனி அளவுகள், பழைய சொந்தக்காரர் இழைத் தள்ளியை மாற்றியிருந்தால் கடைசி எண் வேறாக இருக்கும். மாற்றிய பிறகு முதலில் எல்லாவற்றையும் ஆரம்ப நிலைக்குத் திருப்பிச் சேமித்து, பின்பு எழுதி வைத்த எண்களை ஒவ்வொன்றாகக் கொடுக்க வேண்டும். அதற்குமேல், ஹீட்டருக்கு எவ்வளவு கரண்ட் எப்போது கொடுப்பது என்ற கணக்கை மெஷினே ஏறி இறங்கிப் பார்த்துச் சரிசெய்துகொள்ளும் வேலை ஒன்று இருக்கிறது. எம் 303 என்ற கட்டளை. கொழும்பின் 30 பாகைச் சூட்டில் அதைச் செய்து அனுப்பினால் இங்கே தட்டு தடுமாறும். மெஷின் எந்த அறையில் எந்தக் குளிரில் ஓடப்போகிறதோ அங்கேயே செய்ய வேண்டிய வேலை அது.

குளிரைப் பற்றிச் சொல்லும்போது ஒரு தவறான பழக்கத்தையும் சொல்ல வேண்டும். இரவுக் காற்று நேராக அடிக்கும் அறையில் கீழ்த்தட்டு 60 பாகைக்கு ஏற நேரமெடுத்து, காவல் மெஷினை நிறுத்திவிடுவது உண்டு. நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரியின் துகள் பனிக் காலத்தில் தகரக் கூரை அறையில் விடியற்காலையில் மெஷினை எழுப்பினால், 5 பாகை எல்லைக்குப் பக்கத்தில் போய் அது முரண்டு பிடிக்கவும் இடமிருக்கிறது. உடனே சிலர் காவலே இல்லாத பழைய ஃபேர்ம்வெயாரைத் தேடிப் போட்டுவிடுகிறார்கள். ஃபியூஸ் போகிறதென்று கம்பியைச் சுற்றி வைக்கிற புத்தி இது. மெஷினைச் சுற்றி ஒரு பெட்டி அடித்தால் தட்டும் ஏறும், இழையும் ஈரம் இழுக்காது; மே மாதத் தென்மேற்கு மழை தொடங்கினால் அந்த இரண்டாவது நன்மையே பெரிது. பெட்டி அடித்தும் நின்றால் ஹீட்டர் வயரின் திருகு தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் காவல் சொன்னது உண்மையாகவே இருக்கும்.

கரண்ட் போய் வந்தால் விட்ட இடத்திலிருந்து அச்சடிக்கும் வசதி இந்த ஊரில் எல்லோரும் கேட்பது. மார்லினில் உண்டு, அடுக்கு மாறும்போதெல்லாம் தன் இடத்தைக் கார்டில் எழுதி வைத்துக்கொள்ளும். ஆனால் கரண்ட் இல்லாத நேரத்தில் தட்டு ஆறிவிடும், ஆறினால் பொருள் தட்டிலிருந்து விடுபடும். திரும்பி வரும் தலை அதைத் தட்டிவிடும். பத்து நிமிடம் போய் வருகிற இடத்தில் இது உதவும், இரண்டு மணி நேர வெட்டில் உதவாது. இதற்காக மட்டும் ஃபேர்ம்வெயார் மாற்றத் தேவையில்லை என்பது என் எண்ணம். கிளிப்பர் என்ற புது ஏற்பாட்டுக்கு மாறச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். நல்லதுதான், ஆனால் அதற்குத் தனியாக ஒரு சின்னக் கணினி வேண்டும். அதையும் 4.2.2 போர்டில் முதன்முதலாக ஏற்றுவது இதே கார்ட் வழியில்தான் என்பதை அவர்களும் ஒப்புக்கொள்வார்கள்.

கடுமையான ஆட்சேபம் வேறொன்று: இனி வரும் மெஷின்கள் வைஃபையில் தாமே புதுப்பித்துக்கொள்ளும், கார்டைப் பற்றி ஏன் இத்தனை பேச்சு என்பது. வசதி என்று பார்த்தால் பதில் இல்லை. ஆனால் தானே புதுப்பித்துக்கொள்ளும் மெஷின் யாருக்காகப் புதுப்பித்துக்கொள்கிறது என்று கேட்க வேண்டும். 2016 செப்டம்பரில் எச்பி கம்பெனியின் மை பிரிண்டர்கள் பல, முன்பே இறங்கியிருந்த ஃபேர்ம்வெயாரின்படி, திடீரென்று வேறு கம்பெனி மைக் கூடுகளை ஏற்க மறுத்தன. முந்தைய நாள் வரை ஓடிய கூடு மறுநாள் ஓடவில்லை. இத்தாலியின் போட்டி ஆணையம் 2020 டிசம்பரில் அந்தக் கம்பெனிக்கு ஒரு கோடி யூரோ தண்டம் போட்டது, இந்தக் கட்டுப்பாட்டை வாங்குகிறவர்களுக்குச் சரியாகச் சொல்லவில்லை என்பதற்காக. த்ரீ டி பிரிண்டர் உலகிலும் 2025 ஜனவரியில் பாம்பு லேப் கம்பெனி, மெஷினுக்கு வெளியிலிருந்து கட்டளை கொடுப்பதற்குத் தன் அனுமதி வேண்டும் என்ற ஃபேர்ம்வெயாரை அறிவித்ததும் பெரிய எதிர்ப்பு கிளம்பியது. பிறகு விட்டுக்கொடுப்புகள் வந்தன. மெஷினுக்குள் என்ன போகிறது, எப்போது போகிறது என்பதை வைத்திருப்பவர் தீர்மானிப்பது கார்ட் வழியின் நன்மை. பழையது வேண்டுமென்றால் பழைய கோப்பைப் போட்டுத் திரும்பிப் போகலாம். திரும்பிப் போகும் வழி இல்லாத புதுப்பிப்பை நான் ரிப்பேர் என்று சொல்ல மாட்டேன்.

இந்த உரிமை தானாக வந்ததல்ல. இழையை உருக்கி அடுக்கும் முறையின் காப்புரிமை ஸ்ட்ராட்டசிஸ் கம்பெனியிடம் இருந்தது; 2009இல் முடிந்தது. அதற்கு முன்பே 2005இல் இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் ஏட்ரியன் போயர் தன் பாகங்களைத் தானே அச்சடிக்கும் மெஷினுக்கான ரெப்ராப் திட்டத்தைத் தொடங்கி, எல்லாவற்றையும் திறந்து வைத்தார். அந்த வழியில் 2011இல் எரிக் வான் டெர் சால்ம் மார்லினைத் தொடங்கினார். ஜிபிஎல் உரிமத்தில் வந்ததால், மார்லினைப் போட்டு விற்கிற கம்பெனி அதன் மூல நிரலை வாங்கியவருக்குக் கொடுக்கக் கடமைப்பட்டது. கம்பெனி அணைத்து வைத்த காவலை வேறொருவர் திறந்து, கோப்பாக்கி, உலகத்துக்குக் கொடுக்க முடிந்தது இதனால்தான். கம்பெனி கைவிட்ட 2018 மெஷினுக்கு இன்றைக்கும் பாதுகாப்பான ஃபேர்ம்வெயார் கிடைப்பதும் இதனால்தான். மூடிய மெஷினில் கம்பெனி கைகழுவினால் கதை முடிந்தது.

ஃபேர்ம்வெயாரால் எல்லாம் ஆகாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 2024 பெப்ரவரியில் பாம்பு லேப் தன் ஏ1 மெஷின்களைத் திரும்பப் பெற்றது, தட்டுக்குப் போகும் வயர் மடிந்து கெடும் ஆபத்தினால். எந்தக் கோப்பும் ஒரு வயரைத் திருத்தாது. கரண்டை விடும் மொஸ்ஃபெட் ஒட்டிக்கொண்டு திறந்தபடியே நின்றுவிட்டால் ஃபேர்ம்வெயார் நிறுத்து என்று கத்தினாலும் ஹீட்டர் கேட்காது. வயர் முனைகளில் ஈயம் உருக்கிப் பூசித் திருகியிருந்தால் அது நாளடைவில் தளரும், சூடேறும், பிளாஸ்டிக் கருகும். அங்கே அமுக்கி மாட்டும் முனைகள் வேண்டும். பவர் சப்ளையின் பக்கத்தில் உள்ள சின்னச் சுவிட்ச் 230இல் நிற்கிறதா என்றும் பாருங்கள், வேறு நாட்டு மெஷின் என்றால் 115இல் இருக்கும். லயத்தில் ஓடும் மெஷினுக்கு மேலே புகை அலாரம் ஒன்றும் வேண்டும். காவலுள்ள ஃபேர்ம்வெயார் இவற்றுக்கெல்லாம் மாற்று என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இவை எல்லாம் இருந்து அது இல்லாவிட்டாலும் போதாது என்பதுதான் நான் சொல்வது.

பாவித்த பிரிண்டர் ஒன்றை வாங்கப் போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். விலை பேசுவதற்கு முன் அடிமூடியைக் கழற்றச் சொல்லுங்கள். போர்டின் எண், சிப்பின் பேர், கார்ட் கூட்டின் மேல் உள்ள எழுத்து மூன்றையும் படம் எடுங்கள். கடைசியாகப் போட்ட ஃபேர்ம்வெயார் கோப்பையும் திரையில் உள்ள அளவுகளையும் விற்கிறவரிடமே கேட்டு வாங்குங்கள். ஹீட்டர் வயரைக் கழற்றிச் செய்யும் சோதனையை அவர் முன்னாலேயே செய்யுங்கள். அதில் நிற்காத மெஷின், காவலுள்ள ஃபேர்ம்வெயார் போட்டு மறுபடி சோதித்து நிற்கும் வரை, ஆள் விழித்திருக்கும் நேரத்தில் மட்டுமே ஓடலாம்.